கிராணி வீட்டுச் சுவர்

பதுளையில் முதல் வீடு தேடியபோது எனக்கு நல்ல வீடுகள் இரண்டு கிடைத்தன. இரண்டையும் விட்டுவிட்டு ஒரு மோசமான வீட்டை வாடகைக்கு எடுத்தேன். மாடியில் இரண்டு அறை, தண்ணீர்க் கறை படிந்த சுவர், சாத்தினால் திறக்காத கதவு. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் இருந்தார். அவருக்காகத்தான் அந்த வீட்டை எடுத்தேன். பாசத்தால் அல்ல.

ஹல்துமுல்லைப் பக்கம் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி. ஆபீஸில் எழுத்து வேலை முழுக்க அவர் கையில்தான். தோட்டத்தை நடத்திய துரைக்கு அடுத்தபடி அவர் வைத்ததுதான் சட்டம். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அம்மன் திருவிழாவுக்கு முன்னால், துரை பங்களாவில் கழித்துப் போட்ட படப் புத்தகங்களை அம்மா கேட்டு வாங்கி வந்தார். கோதுமை மாவில் பசை காய்ச்சி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவின் சுவர் முழுக்க அந்தத் தாள்களை ஒட்டினார். ரோஜாத் தோட்டம், தொப்பி போட்ட வெள்ளைக்காரி, நடுவில் பெரிய கப்பல். அந்த ஒற்றை அறையில் எட்டு நாள் நாங்கள் பணக்காரர்களாக இருந்தோம்.

ஒன்பதாம் நாள் கிராணி லயம் பார்க்க வந்தார். “கம்பெனிச் செவத்துல பசை பூச யாருகிட்டக் கேட்ட?” என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எட்டிப் பிடித்து, மேலிருந்து கீழாகத் தன் கையாலேயே கிழித்தார். கப்பல் மட்டும் ஒரே இழுப்பில் வரவில்லை. இரண்டாம் தடவை இழுத்தார். அம்மா கைகட்டி நின்று “சரிங்க ஐயா” என்றார். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அம்மாவை அல்ல, சொல்ல வைத்தவரை.

டீச்சராகப் பதுளைக்கு வந்து வீடு பார்க்கப் போன இடத்தில்தான் அதே முகம் கதவைத் திறந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. “வாங்க டீச்சர், உக்காருங்க டீச்சர்” என்று உபசரித்தார். முத்து முத்தான எழுத்தில் ஒப்பந்தமும் எழுதித் தந்தார். ஆணி அடிக்கக் கூடாது. துளை போடக் கூடாது. மிளகாய் இடிக்கக் கூடாது. பசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்துப் போடும்போது சிரிப்பை அடக்கப் பெரும் பாடுபட்டேன்.

எல்லா வேலையையும் நானே செய்தேன். ஆணி கூடாதே, அதனால் செங்கல் அடுக்கி அதன் மேல் பலகை வைத்துப் புத்தகத் தட்டு ஆக்கினேன். அம்மாவின் பழைய சேலையை வெட்டித் திரைச்சீலை தைத்தேன். பழைய சாமான் கடையில் கால் ஆடிய நாற்காலி இரண்டு வாங்கி, கால்களை இறுக்கி, தேய்த்து வார்னிஷ் பூசினேன். அதில் ஒன்று அம்மாவுக்கு. அம்மா அதில் உட்கார்ந்திருக்கும்போது கிராணி மேலே வர வேண்டும், சுவரைப் பார்க்க வேண்டும், நாங்கள் யார் என்று நான் சொல்ல வேண்டும். அதற்கான வசனத்தைக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

பிறகு சுவர். ஹார்ட்வெயார் கடைக்கார நானா தலையில் அடித்துக்கொண்டார். “தங்கச்சி, சும்மா ஒட்டுற வோல்பேப்பரே இரிக்கி. மாப்பசை என்னத்துக்கு?” என்றார். எனக்கு மாப்பசைதான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் வண்ணப் பக்கங்களைச் சேர்த்தேன். ஒரு கப்பல் படம் அகப்படும்வரை பழைய கட்டுகளைப் புரட்டினேன். அம்மா காய்ச்சியதுபோலவே காய்ச்சி, ஒரு ஞாயிறு முழுக்க ஒட்டினேன். கப்பல் நடுவில்.

மூன்றே வாரம். கரப்பான் படையெடுத்தது. தாளுக்குப் பின்னால் ராத்திரியும் பகலும் சரசரப்பு. அதோடு நிற்காமல் தண்ணீர்க் குழாய் வழியாகக் கீழே கிராணியின் சமையல் குசினிக்கும் இறங்கியது. இது என் திட்டத்தில் இல்லை. ஆனாலும் கீழே அவர் மனைவி அலறிய ஒவ்வொரு முறையும் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தச் சனிக்கிழமை அம்மா பண்டாரவளையில் பஸ் மாறி வந்து சேர்ந்தார். சுவரைப் பார்த்ததும் கண் விரிந்தது. கிட்டப் போய் மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பொக இல்லாத வூட்டுல மாப்பசை பூசுனியா? லயத்துல வெறகு அடுப்பு பொகஞ்சுக்கிட்டே இருக்கும், பூச்சி அண்டாது. நீ காஸ் அடுப்ப வச்சுக்கிட்டு கரப்பானுக்குச் சோறு போட்டிருக்க!”

அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன். அப்போதுதான் படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கியபடி கிராணி உள்ளே வந்தார்.

அம்மா எழுந்துவிட்டார். கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதற்கா இத்தனை பாடு? மனப்பாடம் செய்த வசனத்தில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை.

அவர் அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “டீச்சர், யாரக் கேட்டு செவத்துல பசை பூசுனீங்க? இன்னைக்கே எல்லாத்தையும் கிழிக்கணும்!”

“கிழிச்சிரலாங்க ஐயா” என்றார் அம்மா. “நீங்க எட்டாதீங்க, வயசாயிருச்சு. அன்னைக்கு எங்க காம்பராவுல கிழிச்சப்ப ஒங்களுக்கு நல்லா கை எட்டுச்சு. அந்தக் கப்பலத்தான் ரெண்டு தடவ இழுத்தீங்க.”

அம்மாவுக்கும் கப்பல் நினைவிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

கிராணி முதல்தடவையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு சுவரில் இருந்த கப்பலை.

“எந்த லயம்?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“மேட்டு லயங்க. கடைசிக் காம்பரா” என்று சொல்லிவிட்டு அம்மா உட்கார்ந்தார். தேநீரை எடுத்துக் குடித்தார்.

கிராணிக்கு இன்னும் மூச்சு வாங்கியது. இரண்டாவது நாற்காலி அவர் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் உட்காரச் சொல்லவில்லை.