ஓடுபாதைக்கு வந்த நோட்டீஸ்

இரண்டாயிரமாம் ஆண்டுகளில் கனடாவின் மொன்றியலுக்கு வெளியே, சிறு விமானங்கள் இறங்கும் ஒரு தனியார் ஓடுபாதையில் பனி தள்ளுவது என் வேலை. நகரசபை அந்த நிலத்தைக் கட்டாயமாகச் சுவீகரித்து வீடுகள் கட்டப் போவதாக நோட்டீஸ் வந்த நாளில் முதலாளி அங்கு இல்லை. நோட்டீஸைக் கொண்டுவந்தவர், பெற்றுக்கொண்டதற்கு என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மாட்டேன் என்றேன். கதவில் ஒட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"வாங்கினதுக்குத்தானே கையெழுத்து? அதால காணி போயிடுமோ?" என்று கேட்டாள்.

அவள் சொன்னது சரி. என் மறுப்புக்குச் சட்டத்தில் ஒரு பெறுமதியும் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடும் காணியும் இராணுவத்தின் விமானத் தளத்துக்கென்று போனவை. காணி உறுதிப் பத்திரம் இன்றும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. காணிக்குள் கால்வைக்கத்தான் முடியாது.

"அப்ப ஆமிக்காரரும் பேந்து திருப்பித் தாறம் எண்டுதானே சொன்னவை" என்றேன்.

சுவீகரிப்பை எதிர்த்து முதலாளி வழக்குப் போட்டார். நான் சாட்சி சொல்லப் போனேன்.

"நிலம் உங்களுடையதில்லை. நீங்கள் ஏன் மறுத்தீர்கள்?" என்று நகரசபையின் வழக்கறிஞர் கேட்டார்.

"விமானம் இறங்க வேண்டும் என்று ஒருமுறை என்னைத் துரத்தினார்கள். இப்போது விமானம் இறங்கக் கூடாது என்று துரத்துகிறீர்கள். இந்தமுறை போக மாட்டேன்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

தீர்ப்புக்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நேரே வேலைக்குப் போய், ஓடுபாதையின் பனியை நுனிவரை தள்ளினேன். மாலையில் இரண்டு விமானங்கள் இறங்கின.