கத்திக்குக் கீழே ஒரு 'ம்ம்'

அந்தத் தெருவுக்குச் செய்தித்தாள் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிடும். கொண்டு வருபவர் சலூன்காரர், பட்டப்பெயர் வானொலி. அதில் அவருக்கு வருத்தமே இல்லை. கடைப் பலகையிலேயே எழுதிவிடலாமா என்று யோசித்தவர்.

ஃப்ளூ பற்றி அவருடைய ஒலிபரப்பு வருடம் தவறாமல் ஒன்றுதான்: "சாதாரண ஜலதோஷத்துக்கு ஊசியாம்! ஊசி போட்டாத்தான் சார் காய்ச்சலே வருது." நாற்காலியில் இருப்பவர் "ம்ம்" என்பார். ஒருவர்கூட மறுத்ததில்லை. தெருவே தன் கட்சி என்று வானொலிக்கு ஏகப்பட்ட பெருமை. தொண்டைக்குழியில் சவரக்கத்தி நிற்கும்போது எவன் வாதம் செய்வான் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

ஆப்பு பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது. அங்கே ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர். நுரையீரல் பலவீனம், கட்டிலே கதி. ஞாயிறுதோறும் வானொலி போய்ச் சவரம் செய்வார். வேறு கை பட அந்த முகம் சம்மதிக்காது. இந்தக் குளிர்காலத்தில் அந்த வீட்டு மருமகள் வாசலிலேயே மறித்தாள்.

"ஃப்ளூ ஊசி போட்டாச்சா அண்ணே?"

"எனக்கெதுக்கும்மா? நான் என்ன நோயாளியா?"

"மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு மூச்சு விடறவரு நீங்க. மாமாவுக்கு வந்தா தாங்காது. போட்டுட்டு வாங்க. இல்லன்னா தாடியோட இருக்கட்டும்."

"வானொலி, அரிக்குதுய்யா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அந்தக் குரலுக்காக வானொலி இறங்கி வந்தார். ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே! தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, பஸ் ஏறி, ஊரின் மறுகோடிச் சுகாதார நிலையத்துக்குப் போனார். வரிசையில் முன்னால் நின்ற பின்னந்தலையைப் பார்த்ததும் திக்கென்றது. அவரே வெட்டிய தலை! அதற்கு முன்னால் இருந்த இரட்டைச்சுழியும் அவர் கைவேலைதான். மளிகைக்காரர், தையல்காரர்...

"என்னய்யா, நீங்களுமா?"

மளிகைக்காரர் நெளிந்தார். "வருஷா வருஷம் போடறோம்ணே. உங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் இவ்வளவு தூரம் வர்றோம்."

"அப்புறம் எதுக்குய்யா 'ம்ம்'னீங்க?"

"கத்தி உங்க கையில இருந்துச்சே!"

வரிசையே சிரித்தது. வானொலி தொப்பியைக் கழற்றினார். எல்லோரும் பார்க்கச் சட்டைக் கையைச் சுருட்டினார்.

மறுநாள் உடம்பு லேசாகச் சுட்டது. "இதோ, நீங்க சொன்ன காய்ச்சல்!" என்று மனைவி சீண்டினாள்.

"இது ஃப்ளூ காய்ச்சல் இல்லடி, கிருமியை எதிர்க்க உடம்பு பாடம் படிக்குது. படிச்சு முடிக்க ரெண்டு வாரமாவது ஆகும்னு நர்சம்மா சொன்னாங்க."

மருமகளே கூப்பிட்டனுப்பியும், அந்தக் கெடு முடியும்வரை அவர் போகவில்லை. "எங்க வீட்டுக்காரர் வாயும் பெருசு, மனசும் பெருசு" என்று குழாயடியில் மனைவி சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒரு ஞாயிறு. ரயில்காரரின் கன்னத்தில் சோப்பு நுரை.

"ஊசி ஒரு தடவை போட்டா போதாதாமே?" என்று கேட்டார் அவர்.

"போன வருஷம் முடி வெட்டிக்கிட்டீங்கன்னு இந்த வருஷம் விட்டுடுவீங்களா சார்? கிருமி வருஷா வருஷம் வேஷம் மாத்துது. நாமும் புதுசா போட்டுக்கணும்."

"ம்ம்."

வானொலியின் கை நின்றது. கத்தியை எடுத்து எட்ட வைத்தார்.

"இப்ப சொல்லுங்க சார். சரியா, தப்பா?"

"சரிதான்யா," என்றார் ரயில்காரர், நுரைக்குள் சிரித்தபடி. "கத்தியை எடு, பாதி மூஞ்சி பாக்கி."