சருகுப் புகையும் அக்காவும்

அக்கா போய் ஓர் ஆண்டு நிறைகிறது. சிட்னியில் மறுபடியும் இலைகள் உதிர்கின்றன. மேற்கே மலைப்பக்கம், கோடையில் பெருந்தீ மூளாதிருக்க, காய்ந்த சருகை முன்கூட்டியே எரிக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்தால் பனியில் நனைந்த புகை எங்கள் டூங்கபித் தெருக்களில் தேங்கி நிற்கிறது. இந்த நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி எழுதும்படி அத்தான் கேட்டபோது எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. இந்தப் புகையை விட்டுவிட்டு அவரை எழுத முடியாது என்பது பிறகு விளங்கியது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. போருக்கு நடுவே பாதை திறந்திருந்தால் வருவார், இல்லாவிட்டால் கடிதம் வரும். அதனால் வீட்டில் அம்மாவுக்கு அடுத்த பெரியவர் அக்காதான். அவருக்குப் பின் நான். எனக்குப் பின் நெடுங்காலம் கழித்து ஒரு தம்பி பிறந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப்பையைக் கதிரையில் எறிந்துவிட்டு அக்கா அவனை இடுப்பில் தூக்கிவிடுவார். குளிப்பாட்டுவதும் அவர், சோறு தீத்துவதும் அவர். அவன் முதலில் சொல்லப் பழகிய சொல்லே 'அக்கா' தான்.

ஓர் ஐப்பசி மழையில் எங்கள் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. அம்மா ஒரு கையில் உடுப்புப் பையையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டார். அக்கா தம்பியைத் தூக்கிக்கொண்டார். நெருக்கியடித்த சனத்தோடு நடந்து ஒரு பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். வகுப்பறைகளில் கால் வைக்க இடமில்லை. வளவில் நின்ற மாமரத்தின் கீழ் கூரையாக ஒரு படங்கைக் கட்டிக்கொண்டு ஒதுங்கினோம்.

தம்பிக்குக் காய்ச்சல் கொதித்தது. மறுநாள் அம்மா டொக்டரைத் தேடிப் புறப்பட்டார். "நெருப்பு நூராமல் பாத்துக்கொள் பிள்ளை. அவனுக்குக் குளிரக்கூடாது" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். விறகு இல்லை. அக்கா ஈர மாஞ்சருகைக் கூட்டி அள்ளி நெருப்பில் போட்டுக்கொண்டே இருந்தார். அது எரியாமல் புகைந்தது. கண் எரிந்ததால் நான் வெளியே மழைக்குள் போய் நின்றேன். அக்கா அசையவில்லை. அவர் மடியில் தம்பி இருமிக்கொண்டிருந்தான். பிறகு இருமல் நின்றது.

"நித்திரையாயிட்டான்" என்று அக்கா என்னிடம் சொன்னார்.

அம்மா டொக்டரோடு திரும்பி வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நெஞ்சில் சளி கட்டிய நிமோனியாக் காய்ச்சல் என்றார் டொக்டர். அக்கா கேட்டது ஒன்றுதான்: "புகையாலயோ டொக்டர்?"

"இல்லையம்மா. நீங்கள் ஒண்டும் பிழையாச் செய்யேல்லை."

அக்கா தலையை ஆட்டினார். ஆனால் நம்பவில்லை. அன்று மட்டுமல்ல, என்றைக்குமே அவர் அதை நம்பவில்லை.

பாடசாலை மைதானத்தின் ஓரத்தில் குழி வெட்டித் தம்பியைத் தாட்டோம். அதன் பிறகு அவன் பெயர் காதில் விழுந்தாலே அம்மா மயங்கி விழுவார். எனவே எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வது நின்றுபோனது. அவனுடைய படங்கள் ஊரில் விட்டுவந்த வீட்டோடு எரிந்துவிட்டன.

அம்மா பழையபடி ஆகவேயில்லை. சமைத்ததும், என்னைப் பள்ளிக்கு அனுப்பியதும், குடத்தோடு தண்ணீருக்கு வரிசையில் நின்றதும் அக்கா. அதற்கிடையில் தானும் படித்து உயர்தரப் பரீட்சை முடித்தார். பின்னர் சிட்னியிலிருந்த அத்தானைத் திருமணம் செய்து இங்கே வந்தார். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்து என்னை மாணவனாக இங்கே எடுப்பித்தார். அப்பா காலமான பின் அம்மாவையும் அழைத்து, இறுதிவரை தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்.

அக்காவின் மகள் ஆரணிக்கு இரண்டு வயது நெருங்கிய இலையுதிர் காலம் அது. ஒரு காலையில் மலைப்பக்கப் புகை டூங்கபியை மூடியது. அத்தான் வேலையில், நான் வகுப்பில். அக்கா பிள்ளையைத் துவாயால் சுற்றிக்கொண்டு ஸ்ரேசனுக்கு ஓடி, வந்த ரயிலில் ஏறியிருக்கிறார். மாறி மாறி ஏறி, தண்டவாளம் கடலோரத்தில் முடியும் இடம்வரை போய்விட்டார். அங்கிருந்து எனக்குப் போன் வந்தது.

"தம்பி, நான் கடற்கரையில இருக்கிறன். பிள்ளைக்கு மூச்சு நல்லா வருகுது. அத்தானிட்டச் சொல்லு, பயப்பிட வேண்டாமெண்டு."

அத்தானும் நானும் போனோம். அக்கா மணலில் இருந்தார். காலில் செருப்பில்லை. ஆரணியின் முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தான் தன் ஜக்கெற்றைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

அதன் பின் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அந்த வீட்டு யன்னல்கள் பூட்டியே இருந்தன. கதவடிகளில் ஈரத் துவாய்கள் கிடக்கும். அக்காவுக்கு ஏதோ அலர்ஜி என்று உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். அவரும் அப்படியே சொல்லிவந்தார்.

ஆரணி சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூட முகாமொன்றுக்குப் போய் வந்தாள். அன்று நானும் அக்கா வீட்டில் இருந்தேன். ஓடி வந்து தன் ஸ்வெட்டரை அக்காவின் முகத்தில் அழுத்தினாள். "அம்மா, மணந்து பாருங்கோ! கம்ப் ஃபயர் ஸ்மெல். இதைத் தோய்க்க வேண்டாம், ப்ளீஸ்."

அக்காவின் கை குசினி மேசையை இறுகப் பிடித்தது. ஆனாலும் மணந்து பார்த்தார். "ஓம் பிள்ளை, நல்ல மணம்" என்றார். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தார்.

"அவளிட்டச் சொல்லுங்கோவன் அக்கா" என்றேன்.

"வேண்டாம் தம்பி. எங்கட சின்ன வயசு அப்பிடிப் போயிட்டுது. அவளின்ர சின்ன வயசாவது அவளுக்கு நல்லா மணக்கட்டும்."

அன்றிலிருந்து அக்கா யன்னல்களைப் பூட்டவில்லை. புகை வரும் காலைகளில் ஆரணி அவற்றை அகலத் திறந்து மூச்சை இழுப்பாள். அக்கா அடுப்படியில் நின்று அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பார். அப்போது அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டவர்கள் அத்தானும் நானும் மட்டுமே.

நாற்பது வயதைத் தாண்டிய கையோடு அக்காவின் கணையத்தில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. காலம் கடந்திருந்தது. வெஸ்ட்மீட் மருத்துவமனையிலிருந்து, வீட்டில் இருக்க விரும்புகிறேன் என்று சொல்லி வந்துவிட்டார். மீண்டும் சருகு எரிக்கும் பருவம். தன் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்து ஆரணி கட்டிலருகே யன்னலைத் திறந்தாள். அன்றுதான் அக்கா அவளை அருகே இருத்தி, மாமரத்தடியில் நடந்ததெல்லாவற்றையும் தன் வாயால் சொன்னார்.

ஆரணி அழுதாள். "ஏனம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை? சொல்லியிருந்தா நான் யன்னலைப் பூட்டியிருப்பனே."

"பூட்டிப்போடுவாய் எண்டுதான் சொல்லேல்லை."

அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டு அக்காவே சொன்னார்: "இப்ப பூட்டு பிள்ளை. எனக்கு ஏலாது."

அமைதியாகக் கண் மூடினார் என்று எழுதுவது வழக்கம். என்னால் அப்படி எழுத முடியவில்லை. கடைசி நாட்களில் நினைவு தடுமாறியபோது, மடியில் ஒருவரை வைத்திருப்பதுபோல ஒரு கையை வளைத்துக்கொண்டு, மறு கையால் எதையோ விசிறிக்கொண்டே இருந்தார். ஆரணி அந்தக் கையைப் பிடித்து, "புகை போயிட்டுதம்மா, எல்லாம் போயிட்டுது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அது அவர் காதில் விழுந்ததா என்று எங்களுக்குத் தெரியாது.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும், அவர் கடமையாற்றிய இல்லத்திலிருந்து வந்து தோள் கொடுத்த நண்பர்களுக்கும், கடல் கடந்து வந்த உறவுகளுக்கும், அத்தானைத் தனியே விடாமல் இந்த ஓராண்டும் வந்துபோகும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

சென்ற வாரம் ஆரணி என்னிடம் கேட்டாள்: "மாமா, அந்தக் குட்டி மாமாவுக்கு என்ன பேர்?"

இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாகச் சொன்னேன். அவள் இந்த நாட்டு நாவால் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

சேந்தன்.

இன்று திதியில் ஐயர் பெயர்களைக் கேட்கும்போது அக்காவின் பெயரோடு அந்தப் பெயரையும் சொல்லவிருக்கிறோம். அருகே இருந்து கேளுங்கள்.

— தம்பி