சங்கிலியும் சுரங்கப் பங்கும்

2025 ஒக்டோபர் 11, சனிக்கிழமை, காலை ஏழு இருபது. நோர்வூட்டில் பனிமூட்டம், தூறல் விட்டு விட்டுப் பெய்தது. ஹட்டன் பஸ்ஸின் முதற்படியில் ஒரு காலை வைத்த என் மனைவி, மற்றக் காலைத் தூக்க முடியாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

வலது முழங்கால் மூட்டை மாற்ற வேண்டும் என்று கண்டி டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பணம் இருந்தது. எதை விற்பது என்றுதான் என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

2012இல் தேயிலைத் தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றபோது, கைக்கு வந்த சேமலாப நிதியில் ஆறு இலட்சத்தை இரண்டாகப் பிரித்தோம். மூன்று இலட்சத்துக்கு அவள் ஐந்தரைப் பவுனில் சங்கிலி வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மற்ற மூன்றை அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் ஒப்படைத்தேன். அவள் எனக்காக மூன்று தங்கச் சுரங்கக் கம்பனிகளின் பங்குகளை வாங்கினாள். தங்கம் ஒரு மடங்கு ஏறினால் அதைத் தோண்டுகிறவனின் இலாபம் இரண்டு மடங்கு ஏறும் என்பது என் கணக்கு.

முதல் மூன்று வருடத்திலேயே அந்த மூன்று இலட்சம் ஒரு இலட்சமாகச் சுருங்கியது. பிறகு ஏறியது, சறுக்கியது, மறுபடி ஏறியது. ரூபாய் விழுந்த வருடத்தில் இரண்டு மடங்கானதைக் கண்டு குதித்தேன். சங்கிலியின் விலையும் அப்படியே உயர்ந்திருந்தது. சங்கிலிதான் என் அளவுகோல். ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பங்கு பின்தங்கியே நிற்கும். தோட்டத்தில் குறித்த கிலோ கொழுந்து எடுக்காதவர்களுக்குப் பாதிச் சம்பளம்தான். அதற்கு அரைப்பேர் என்று சொல்வோம். பங்குக்கும் வருடாவருடம் அரைப்பேர்தான் போட்டேன். சங்கிலியை எட்டிப் பிடித்தால் மறுநாளே விற்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சங்கிலியை விற்கவும் மனம் வரவில்லை, அதுதானே முந்தி நிற்கிறது!

"பதிமூணு வருசமா அரைப்பேர் வாங்குற ஆளுக்கு நீங்கதான் வக்கீலு," என்றாள் மனைவி பஸ்ஸில். "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு வித்தாகணும்."

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்ததால் நகைக்கடையில் கூட்டம்.

"விக்க வரல்ல முதலாளி, வெல கேக்கத்தான்," என்றேன்.

"விக்கத்தான் வந்தோம். இவரு சும்மா சொல்றாரு," என்று அவள் கொக்கியைக் கழற்றினாள்.

"எல்லாரும் வாங்க வர்ற நேரத்துல விக்க வாறீங்களே, கிளாக்கரய்யா!" என்றார் முதலாளி.

பலகையில் எழுதியிருந்த விலையை ஐந்தரையால் பெருக்கி, பதினாறரை இலட்சம் என்று மனதில் வைத்திருந்தேன். நாற்பத்து நாலு கிராம் இருக்க வேண்டிய சங்கிலி, தராசில் நாற்பத்திரண்டு புள்ளி ஏழு காட்டியது.

"மிச்சம் எங்க போச்சு?"

"அம்மா கழுத்துலதான் ஐயா. பதிமூணு வருசம் ஒரசினா தேயாதா?"

பலகையில் இருப்பது கடைக்காரர் விற்கும் விலை. வாங்கும் விலை வேறு. பற்றவைத்த இடத்துக்கும் கழிவு உண்டு. கடைசியில் அவர் சொன்னது பதினான்கு இலட்சத்து நாற்பதாயிரம். இத்தனை வருடமும் யாரும் எங்களுக்குத் தராத ஒரு விலையோடு பங்கை ஒப்பிட்டிருக்கிறேன்.

கடை வாசலில் நின்றே மகளை அழைத்தேன். என் போனில் பங்குகளின் மதிப்பு பதினொரு இலட்சம் என்று காட்டியது.

"அப்பா, நீங்க பாக்குறது வாங்குன பங்கோட வெலய மட்டும்," என்றாள். "வருசா வருசம் வந்த இலாபப் பங்க நான் அதுலயே திரும்பப் போட்டிருக்கேன். அத வச்சுக்கம்மான்னு சொல்லிட்டு நீங்கதான் மறந்துட்டீங்க. எல்லாஞ் சேத்தா பதிமூணு இலட்சத்துத் தொண்ணூறாயிரம்."

"அப்பவும் அம்பதாயிரம் கொறையுதே."

மனைவி போனைப் பிடுங்கினாள். "கேட்டியா? அம்பதாயிரத்துக்காக இன்னும் ரெண்டு வருசம் நா நொண்டணுமாம்!" இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை; கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சங்கிலியை முழுதாகத்தான் விற்க வேண்டும். திரும்ப வாங்கப் போனால் இரண்டு இலட்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பங்கில் தேவையான அளவை மட்டும் விற்கலாம். மீதி அங்கேயே கிடந்து வளரட்டும்.

போனைத் திரும்ப வாங்கி, "முழங்காலுக்கு வேண்டியத பங்குல வித்திரும்மா," என்றேன் மகளிடம்.

முதலாளி சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தார். அவள் பின்கழுத்தைக் காட்டி நின்றாள். கொக்கியை மாட்ட எனக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது.

நவம்பர் முதல் வாரத்தில் கண்டியில் ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள், நாலுகால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடைவழியின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பினாள். ஆஸ்பத்திரித் தேத்தண்ணீரில் சாயமே இல்லை என்று தாதியிடம் சண்டையும் போட்டாள். அவளை அங்கேயே உட்காரவைத்துவிட்டு, பங்கு விற்று வந்த பணத்தைக் கட்டக் கீழே போனேன். மூட்டு, டாக்டர், அறை, மருந்து, அந்தத் தேத்தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒன்பது இலட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.