குத்தியது சபையில், அழுதது அடுப்படியில்

நீ பொய் சொன்னாய். வாய் தவறி வந்த பொய் இல்லை. உன் தாய், தங்கை, பெரியம்மா, பந்தலில் இருந்த சனம் எல்லாருக்கும் முன்னால், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

நேரில் உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிடுகிறேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான். எழுதும்போது அந்த மரியாதை வரவில்லை. வராததை ஏன் எழுதவேண்டும்.

சீன நாடகத்தை எனக்குப் பழக்கினவன் நீ. செங்கலடிச் சந்தியில் ஓட்டோவை நிறுத்திவிட்டு, ஹயர் வராத நேரமெல்லாம் போனில் அதைத்தான் பார்ப்பாய். தமிழில் குரல் கொடுத்தவை. மேகத்துக்குள் மலை, மலையில் மாளிகை, இடுப்பு வரை முடி விட்ட ஆம்பிளைகள், பறக்கிற வாள். பின்னேரம் வீட்டுக்கு வந்து, நான் சட்டை தைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் குந்தியிருந்து கதை சொல்வாய். பிறகு போனை என் தையல் மெசினில் சாய்த்து வைத்து இரண்டு பேரும் பார்க்கத் தொடங்கினோம். ஊசி என் விரலில் ஏறினதெல்லாம் அந்த நாட்களில்தான்.

அதில் ஒன்று உனக்கு நல்ல ஞாபகம் இருக்கும். மருந்துச் செடியிலிருந்து பிறந்த ஒரு பெண். வானுலகத்துப் படையில் ஒருவன் சாகக் கிடக்கிறபோது தன் உயிரில் பாதியை அவனுக்குக் கொடுத்துவிடுகிறாள். அந்தப் பலத்தில்தான் அவன் பிறகு தளபதி ஆகிறான். அது அவனுடைய சொந்தப் பலம் இல்லை என்று வெளியே தெரிந்தால் பதவி போய்விடும். ஆகவே இரண்டு பேருக்கும் இடையில் அது ரகசியம். ஒரு நாள் பெரிய சபை கூடுகிறது. தேவர்களின் பலத்தை அவள் திருடிவிட்டாள் என்று குற்றம் சாட்டுகிறார்கள். அவனைக் கேட்கிறார்கள். அவன் அவளைப் பார்க்கிறான். "திருடினாள்" என்கிறான். சொல்லிவிட்டு வாளால் குத்துகிறான். அவள் மலை உச்சியிலிருந்து கீழே விழுகிறாள். வெள்ளை உடுப்பு, சிவப்பு இரத்தம், பின்னால் புல்லாங்குழல்.

அன்றைக்கு நீ கண்ணைத் துடைத்தாய். நான் பார்த்தேன்.

"இவனெல்லாம் ஒரு ஆம்பிளையா? வாயத் துறந்து உண்மையச் சொன்னா என்ன? நானெண்டா வாளத் தூக்கி எறிஞ்சிட்டு அவளக் கூட்டிக்கொண்டு போயிருப்பன்" என்றாய்.

"முதல்ல என்னச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போங்க. நாலு நாளா நூல் வாங்கோணும் எண்டு கத்துறன்" என்றேன்.

சிரித்தோம். அப்போது எங்களுக்குக் கலியாணமாகிச் சில வருடங்கள். பிள்ளை இல்லை.

பிறகு மட்டக்களப்புக்குப் போய் டொக்டரிடம் காட்டினோம். இரண்டு பேரையும் சோதித்தார்கள். டொக்டர் இரண்டு பேரையும் இருத்தி வைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்: குறை உன்னிடம். என்னிடம் ஒன்றும் இல்லை. திரும்பி வருகிற வழியில் ஆற்றோரம் ஓட்டோவை நிறுத்தி, ஹேண்டிலில் தலையை வைத்து அழுதாய். வலை வீசிக்கொண்டிருந்த ஆள் தோணியில் நின்றபடி எங்களையே பார்த்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத புள்ள. ஸ்டாண்டில தலை நிமித்தி நிக்க ஒண்ணா எனக்கு. அம்மா கேட்டா செத்துப்போவா" என்றாய்.

சொல்லமாட்டேன் என்று உன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். என் தாய்க்கும் சொல்லவில்லை. உன் தாய் எனக்கு வேர் அவித்துக் கொண்டுவந்து தருவா. மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தேன். எந்தக் கோயிலில் எதைக் கட்டச் சொன்னாவோ கட்டினேன். உன் குறைக்கு நான் கசாயம் குடித்தேன். நீ பக்கத்தில் இருந்து, குடித்து முடிந்ததும் ஒரு கரண்டிச் சீனி தருவாய். அதை அப்போது அன்பு என்று நினைத்தேன்.

உன் தங்கையின் மூத்த மகள் பெரியபிள்ளையானாள். நீ தாய்மாமன். நான் மாமி. முதற்செம்புத் தண்ணீரை நான்தான் வார்க்கவேண்டும். அது யாரும் பார்த்துத் தருகிற மரியாதை இல்லை, உன்னைக் கட்டினதால் எனக்குக் கிடைத்த உரிமை. அன்றைக்கு உடுக்க எடுத்த சேலைக்கு நானே சட்டை தைத்தேன், கழுத்தை இரண்டு தரம் பிரித்துத் தைத்தேன். பெட்டை பலகையில் இருக்கிறாள். நான் செம்பைத் தூக்குகிறேன். உன் பெரியம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தா.

"நில்லுகா. பெத்த கை வார்க்கட்டும். புள்ளைக்கு இதுதான் முதல் நன்மை" என்றா.

"மாமி நான்தானே" என்றேன்.

"மாமிதான். ஆரு இல்லை எண்டது? ஆனா குறை ஆருட்ட எண்டு தெரியாம உன்ட கையால எப்பிடிக் குடுக்கிற?"

எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். லவுட்ஸ்பீக்கர்காரர், மாமன் வரிசையை அறிவிக்க வந்தவர், மைக்கைப் பிடித்துக்கொண்டு உனக்குப் பக்கத்தில் நின்றார். நான் உன்னைப் பார்த்தேன். உண்மையைச் சொல் என்று பார்க்கவில்லை. பேசாமல் இருந்தாலே போதும் என்றுதான் பார்த்தேன். "அவதான் மாமி, அவ வார்க்கட்டும்" என்று சொன்னால் முடிந்தது.

"அவக்குத்தான் குறை எண்டு டொக்டர் சொன்னவர்" என்றாய்.

மைக் திறந்திருந்தது. உன் குரல் பந்தல் தாண்டி, ஒழுங்கை தாண்டி, கடைத்தெருவுக்குக் கேட்டது. சமையல் பந்தலில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை நிறுத்தினார்கள். உன் பெரியம்மா செம்பை என் கையிலிருந்து எடுத்து உன் ஒன்றுவிட்ட அண்ணன் பெண்சாதியிடம் கொடுத்தா. அவள் மூன்று பெற்றவள். பெட்டை ஈரத் தலையோடு என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்துக் கதிரையில் யாரும் இருக்கவில்லை. நான் சாப்பிட்டேன். இலையில் வைத்தது எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆம்பிளை பெண் வீட்டுக்கு வருகிறான். அந்த வீடு என் தாய் எனக்குக் கொடுத்தது. அன்றைக்குப் பின்னேரமே உன் உடுப்பை ஒரு பையில் போட்டு ஓட்டோ சீட்டில் வைத்தேன். நீ உன் தாய் வீட்டுக்குப் போனாய். ஸ்டாண்டில் உன்னை, "என்ன மச்சான், மாமியார் வீட்டு லீவா?" என்று கேட்டார்களாம். நீ அதை எனக்கு வந்து முறைப்பாடாகச் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு நீ நாடகம் போடத் தொடங்கினாய். நாங்கள் பார்த்த அதே நாடகம். சபையில் குத்தினவன், முந்நூறு வருடம் கழித்து அவள் வேறொரு பிறப்பில் மருந்து விற்கிற குடிசையைத் தேடி வருகிறான். தன் கையால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறான். பனியில் முழங்காலில் நிற்கிறான். குத்தினதற்கு உள்ளே ஒரு காரணம் இருந்தது என்று அழுகிறான். அவள் மனம் இளகுகிறது. பார்க்கிற சனம் கமெண்டில் அழுகிறது.

நீ வந்து என் அடுப்படியில் றால் குழம்பு வைத்தாய். உப்புக் கொட்டிக் கிடந்தது. ஒளிக்க ஒன்றும் இல்லை என்று போன் பூட்டைத் திறந்து என் மடியில் வைத்தாய். நான் கேட்டது உன் போனையா? மாரி மழை பிடித்த ஒரு பின்னேரம் முற்றத்தில் போய் நின்றாய். முழங்காலில் நிற்கவில்லை. சேறு என்று யோசித்திருப்பாய். நான் தேத்தண்ணி ஊற்றி, கதவடியில் இருந்து குடித்துக்கொண்டு உன்னைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா குடையோடு வேலியடிக்கு வந்தா.

"என்ன தம்பி, வீட்டுத் திறப்பத் துலைச்சிட்டீங்களா?"

"இல்லக்கா. சும்மா."

"சும்மா நனையிறதுக்கு எங்கட மாடு இரிக்கு. உள்ளுக்குப் போங்க."

உனக்குக் காய்ச்சல் வந்தது. உள்ளே கூப்பிட்டுப் பாய் போட்டேன், பிறகு உன்னைப் போகச் சொல்லவில்லை. கஞ்சி வைத்துத் தந்தேன், குளிசை தந்தேன். உன் தாய் வந்து, "மலட்டுக் கோவத்துல என்ட புள்ளயச் சாகடிக்கப் பாக்கிறாள்" என்று என் வீட்டு நடு அறையில் நின்று சொன்னா. நீ பாயில் கண்ணை மூடிக் கிடந்தாய். நித்திரை இல்லை. கண்மடல் துடித்தது. அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு கிடந்தாய்.

அவ போன பிறகு என் கையைப் பிடித்தாய்.

"நான் செய்தது பிழைதான். அம்மாட மனம் நோகும் எண்டுதான் அப்பிடிச் சொன்னன். அந்த நாடகத்துல அவள் மன்னிச்சவள்தானே? கடைசியில சேந்தவங்கள்தானே?"

"அவள் மன்னிச்சது குடிசைக்குள்ள. அவன் குத்தினது எங்க?" என்று கேட்டேன்.

நீ என் கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய்.

நான் அந்தக் கடைசிப் பகுதிகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அந்தச் சபையில் இருந்த ஒருவனிடமாவது போய், "அவள் திருடவில்லை, நான்தான் வாங்கினேன்" என்று அவன் சொல்கிறானா என்று தேடினேன். இல்லை. பனி இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது, கஞ்சி இருக்கிறது. அந்த வார்த்தை இல்லை. சபையில் இருந்தவர்களுக்கு அவள் இன்றைக்கும் திருடிதான். எழுதினவனுக்கும் அது ஒரு விசயமாகப் படவில்லை. பார்த்து அழுத எங்களுக்கும் படவில்லை. இப்போது எனக்குப் படுகிறது.

நீ ஊருக்கு முன்னால் நல்லவனாகவில்லை. என் அடுப்படியில் மட்டும் நல்லவனாகினாய். அடுப்படியில் எனக்கு எந்த அவமானமும் நடக்கவில்லை. அங்கே நீ என்ன திருத்தப் போகிறாய்?

போன கிழமை உன் தாய் திரும்பவும் வந்தா. தங்கையின் இளைய மகளும் பெரியபிள்ளையாகிவிட்டாள். "நீயும் வா புள்ள. வராட்டி ஊர் கதைக்கும். ஆனா பின்னால நில்லு, தண்ணி வார்க்கிற இடத்துக்கு வராத" என்றா. நான் உன்னைப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன், பார். உனக்கு இன்னொரு தரம் இடம் தந்தேன்.

"போய் ஒரு ஓரமா இரிந்திட்டு வருவம்" என்றாய்.

அந்த ஓரம் என்ற சொல்லில்தான் நீ இந்த வீட்டில் இருப்பதா இல்லையா என்பது வந்து நிற்கிறது. நான் சத்தியத்தைக் காத்தேன். நீ அதைப் பந்தலில் வைத்து என் தலையில் உடைத்தாய். அதனால் இனி அது என்னைக் கட்டாது. இந்தக் கடிதத்தில் யாருடைய பெயரையும் நான் எழுதவில்லை. குறை உள்ளவர் பெயரை நீ சொல்லுவாய்.

நான் வருகிறேன். அதே சேலையை உடுத்துக்கொண்டு வருகிறேன். செம்பை நானே தூக்குவேன். உன் பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடிப்பா. அப்போது லவுட்ஸ்பீக்கர்காரரின் கையிலிருந்து மைக்கை வாங்கு. திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார். கடைத்தெருவுக்குக் கேட்கவேண்டும். டொக்டர் யாருக்குக் குறை என்று சொன்னார்? உன் வாயால், அந்தச் சனத்துக்கு முன்னால், பதில் சொல்.