ஓடாமலே தேய்ந்த கார்

எதிர்க்கடைச் சீனர் ஆ லியோங் நேற்று ஒரு புது லாரி வாங்கினார். காலையில் வந்து நின்ற லாரியில், வெயில் ஏறுவதற்குள் பன்றிக் கூண்டுகளை ஏற்றிவிட்டார். பிறகு கொட்டுகிற மழையில் அவரே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் இல்லை, கண்ணாடியில் ஒரு பொட்டுகூட இல்லை. இந்த ஈப்போ ஊரில் இத்தனை வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தும் எனக்கு இது பழகவில்லை. பார்த்துக்கொண்டு நின்றபோது என் கார் ஞாபகத்துக்கு வந்தது.

ஜப்பான்காரன் போய், கடை மறுபடி தலையெடுத்த பிறகு வாங்கிய கார் அது. கறுப்பு நிறம், தோல் இருக்கை, துரைமார் ஏறுகிற பெரிய சீமைக் கார். அதோடு ஊருக்குப் போய், அரியலூர்க் கடைத்தெருவில் ஒரு கடை பிடித்து, மனைவி குஞ்சம்மாளோடும் மகள் செல்லத்தோடும் நிரந்தரமாகத் தங்கிவிடுவது என் திட்டம். செல்லம் கைக்குழந்தையாக இருந்தபோது கப்பல் ஏறியவன் நான். நடுவில் யுத்தம் வந்து வழியை அடைத்துவிட்டது. கார் விற்ற கம்பெனி ஒரு வருஷத்துக்கு உத்தரவாதம் கொடுத்தது. அதற்குள் எது பழுதானாலும் அவர்கள் பொறுப்பு, அதற்குப் பிறகு நம் தலையில்.

எங்கள் குடும்பத்தில் புது மாடு வாங்கினாலும் புது வண்டி வாங்கினாலும், பாடாலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் அய்யனார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தாமல் வேலைக்கு விட மாட்டோம். காருக்கு மட்டும் வேறு சட்டமா? கொட்டகையில் நிறுத்தினேன். கெட்டிக் கித்தானில் அளவெடுத்து உறை தைத்துப் போர்த்தினேன். கப்பலில் இடம் கிடைப்பது மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போயிற்று. ஒருநாள் ஆ லியோங் எட்டிப் பார்த்து, “ரோசாக்?” என்று கேட்டார், கெட்டுவிட்டதா என்று. சாமி கும்பிடவில்லை, அதனால் ஓட்டவில்லை என்று எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. மறுநாள் ஊதுவத்திக் கட்டோடு வந்து காருக்கு முன்னால் ஏற்றிவைத்துவிட்டுப் போனார். உள்ளே யாரோ செத்துப்போனதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. திருத்திச் சொல்ல என் மலாய் போதவில்லை.

நாகப்பட்டினத்தில் இறக்கி, சரக்கு ரயிலில் ஏற்றி, அரியலூர் ஸ்டேஷனில் காரை இறக்கியபோது கம்பெனி கொடுத்த வருஷம் முடிந்திருந்தது. காரை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் அதை யார் நினைத்தார்கள்? பினாங்கில் கார் ஓட்டிய லப்பைக்குடிக்காட்டுக் காதர் பாய் முன்னால் உட்கார்ந்தார். தோல் இருக்கை அழுக்காகிவிடும் என்று குஞ்சம்மாள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தாள். பெரம்பலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புகை கிளம்பியது. பிறகு உள்ளே ஏதோ உடைகிற சத்தம். கார் நின்றுவிட்டது.

“எஞ்சின் இறுகிப் போச்சுங்க. இனிமே அசையாது” என்றார் காதர் பாய்.

“சாமிக்குன்னு கெளம்பிட்டு நடுரோட்டுல நிக்கிறதா? யார்கிட்டயாவது மாடு கேளுங்க” என்றாள் குஞ்சம்மாள்.

பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த சோடியை அவிழ்த்து வந்து கயிறு கட்டினோம். மாடு இழுக்க, மலாயாக்காரன் கார் அய்யனார் முன் போய் நின்றது. பூசாரி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுல எதுங்க புதுசு?” என்று கேட்டார். செல்லம் சிரித்தாள். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

திருச்சிப் பட்டறையில் எஞ்சினைப் பிரித்தார்கள். நின்ற இடத்திலேயே உள்ளே துரு ஏறியிருந்தது, ரப்பரெல்லாம் வெடித்திருந்தது. “எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?” என்றார் பட்டறைக்காரர். இதுதான் முதல் ஓட்டம் என்றேன். யாரோ பழைய வண்டியை என் தலையில் கட்டிவிட்டதாகச் சொல்லிப் பரிதாபப்பட்டார். ஈப்போ கம்பெனிக்கு எழுதியதற்கு, உத்தரவாதத் தவணை முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. சாமான்கள் சீமையிலிருந்து வர வேண்டும். வந்து பூட்டி, ஊர் வந்து சேர்ந்தால் கியர்ப்பெட்டி உடைந்தது. அது சரியானதும் பிரேக். ஒவ்வொரு தடவையும் கடை பிடிக்க வைத்திருந்த பணத்திலிருந்துதான் எடுத்தேன்.

“வித்துத் தொலைச்சுடுங்க. நமக்குக் கடை போதும்” என்று குஞ்சம்மாள் சொல்லிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. மலாயாக்காரன் கார் பழைய இரும்புக்குப் போனது என்று ஊர் பேசுமே என்ற வீறாப்பு. கடைசியில் நான் பார்த்துவைத்த கடையை வேறொருவர் பிடித்துக்கொண்டார். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னும் கொஞ்ச காலம் ஈப்போ போய்ச் சம்பாதித்துவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுக்காமலே பேசினாள்.

“கார ஓட்டாம மூடி வெச்சீங்க, துருப்புடிச்சிருச்சு. எங்களயும் அப்பறம் அப்பறம்னுதான் வெச்சிருக்கீங்க. எங்களுக்கு எத்தன வருஷம் தவணைன்னு சொல்லிட்டுப் போங்க.”

மாட்டுக்கொட்டகையின் மறுபக்கம் நின்ற காருக்குள் உட்கார்ந்து செல்லம் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். என்னை அப்பா என்று கூப்பிட அவளுக்கு அப்போதுதான் கூச்சம் விட்டிருந்தது. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

கார் இன்னும் அந்த மாட்டுக்கொட்டகையில்தான் நிற்கிறது. கப்பலில் ஏற்றும்போது கழற்றிய உறை மட்டும் இங்கே ஈப்போவிலேயே தங்கிவிட்டது. இன்று காலை ஆ லியோங் நனைந்த சட்டையோடு வந்து, லாரிச் சரக்கை மூட அந்த உறையைக் கேட்டார். கார் வரும்போது எனக்கு வேண்டுமே என்றேன்.

“கார் இங்கே வருமா, நீ அங்கே போவாயா?” என்று மலாயில் கேட்டார்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். காலிக் கொட்டகையில், காரின் அளவுக்குத் தைத்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.