கொள்ளில் தொடங்கியவன்

என் மனைவியின் அண்ணன் எழுதிய ஒரு கதையை நான் பலமுறை சத்தம் போட்டுப் படித்திருக்கிறேன். விரும்பி ஒருமுறைகூடப் படித்ததில்லை. பூண்டி என்ற மலையூரில் எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். விருந்தாளி யாராவது வந்தால் போதும், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அது அச்சான வாரப் பத்திரிகையை எடுத்து அம்மா என் மடியில் வைத்துவிடுவாள். நான் படிப்பேன். வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? அது எங்கள் வீட்டில் நடந்த சங்கதி. நடந்தபோது அங்கே இருந்தவன் நான். அவனோ கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து, சீசனுக்கு வருகிறவர்களுக்கு அறைச்சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

நடந்தது இவ்வளவுதான். ஐம்பதுகளில் எங்கள் ஊருக்கு லாரி வராது. பூண்டு மூட்டையைக் குதிரைமேல் ஏற்றி, சோலைக்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் நடத்திக்கொண்டுபோய் விற்போம். திரும்பும்போது அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் வரும். குதிரையின் கழுத்தில் மணி உண்டு. ஊர் வளைவில் மணி கேட்டால் வீட்டுப் பெண்கள் குதிரைக்கு அவித்த கொள்ளை இறக்கிவைப்பார்கள். அவரவர் குதிரையின் மணி அவரவருக்குத் தெரியும். ஒரு ஐப்பசி மழையில், நானும் அப்பாவும் திரும்பி வரும்போது எங்கள் குதிரை வழுக்குப்பாறையில் கால் தவறி ஓடைக்குள் விழுந்தது. இறங்கிப் பார்த்தோம். கழுத்து ஒடிந்து கிடந்தது. அப்பா மணியை மட்டும் அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் நனைந்த உப்பு மூட்டையைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தேன்.

இதை முதலில் எழுதியவன் நான். ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். முதல் வரியே 'எங்கள் குதிரை செத்துப்போனது' என்றுதான் இருக்கும். பிறகு பாதை, பாறை, மழை, குதிரையை வாங்கிய சந்தை, அப்பா பட்ட நஷ்டம் எல்லாம் வரும். ஒன்றுகூடப் பொய் இல்லை. பத்திரிகைக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது.

பொங்கலுக்கு வந்த மச்சான் அதைக் கேட்டு வாங்கிப் படித்தான். அவன் என் அம்மாவின் அண்ணன் மகனும்கூட. அதனால் எங்கள் வீட்டில் அவனுக்கு இரட்டைச் செல்லம். படித்து முடித்துச் சிரித்தான்.

"மாப்ளே, மொத வரியிலயே குதிரையக் கொன்னுட்டீங்க. அதுக்கப்புறம் படிக்கிறவனுக்கு அங்க என்ன சோலி?"

செத்ததை வேறு எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவன் அடுப்படிக்குப் போய், புகையில் பூண்டு காயப் போட்டிருந்த பரணுக்குக் கீழே உட்கார்ந்து, அத்தை அத்தை என்று அம்மாவிடம் பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருந்தான். ஊர்க்கதை பேசுகிறான் என்று நான் விட்டுவிட்டேன்.

அந்த வருடமே அவன் கதை அச்சில் வந்தது. என் மனைவி அதை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஊருக்குள் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

அவன் செய்த வேலையைச் சொல்கிறேன். கதை ஓடையில் தொடங்கவில்லை. அடுப்படியில் தொடங்குகிறது. ஒருத்தி கொள்ளு அவிக்கிறாள். மழை. மணி கேட்கிறது. கொள்ளை இறக்கி, கையைச் சுட்டுக்கொண்டு ஆறவைக்கிறாள். மணி நெருங்கி வருகிறது. கொஞ்சம் உப்புப் போடுகிறாள். வாசல் திறக்கிறது. புருஷன் நிற்கிறான். தோளிலிருந்து மணியை எடுத்துக் கீழே வைக்கிறான். கடைசி வரியில் கொள்ளுப் பானையில் ஆவி அடங்குகிறது. அவ்வளவுதான். குதிரை செத்தது என்று எங்கேயும் எழுதவில்லை. பாறை இல்லை, ஓடை இல்லை. உப்பு மூட்டை சுமந்த நானும் இல்லை.

அம்மா கொள்ளு இறக்கியது எனக்குத் தெரியவே தெரியாது. அப்பா தோளில் கிடந்த மணி வழியெல்லாம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அது வீட்டுக்கும் கேட்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை. மணியின் நாக்கைத் துணியால் சுற்றியிருந்தால் போதும். இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கத்தினேன். "நீதான் கூடவே வந்தியே, உனக்குத் தெரியாதாக்கும்னு இருந்தேன்" என்றாள்.

செப்படி வித்தை என்றுதான் நான் சொல்லிக்கொண்டேன். தெரிந்ததை ஒளித்துவைத்து, படிக்கிறவனைக் காக்கவைத்து, கடைசியில் கையை விரிப்பது. இதை யார்தான் செய்ய முடியாது? அதை நிரூபித்தே விடுவது என்று ஒருநாள் துணிந்தேன்.

பண்ணைக்காட்டிலிருந்து அம்மாவின் சித்தி மகள் வாழைத்தாரோடு வந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் கூடிவிட்டார்கள். வழக்கம்போல் பத்திரிகை என் மடிக்கு வந்தது. வழக்கமாக நான் அதைப் பிரித்ததும் அப்பா எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவார். அன்று அவர் எழுவதற்கு முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். அச்சில் இருந்ததை விட்டுவிட்டு, குதிரை பாறையில் வழுக்கி விழுந்து செத்தது, அதன் மணியை அறுத்துக்கொண்டு வந்தோம் என்று முதலில் சொன்னேன். அதற்குப் பிறகு கொள்ளு அவிக்கிற பகுதியைப் படித்தேன். அவன் வார்த்தைகளில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. மணி கேட்ட இடத்தில் பண்ணைக்காட்டுச் சித்தி, "பாவம், அந்தக் குதிரை ரொம்பச் சாது" என்று சொல்லிவிட்டு, வாழைக்காய் என்ன விலைக்குப் போகிறது என்று பேசத் தொடங்கினாள். அப்பாகூட எழவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பார்த்தாயா, இவ்வளவுதான் உன் மருமகன் சாமர்த்தியம் என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் சிவந்திருந்தது.

"ஏலே, எதுக்குடா முந்திச் சொன்னே?"

"உனக்குத்தான் தெரியுமே, என்ன கெட்டுப்போச்சு?"

"அன்னைக்கு எனக்கு யாருடா முந்திச் சொன்னா?" என்றாள். "நீ பாட்டுக்கு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு நடந்து வந்தே. நான் கொள்ளுல உப்புப் போட்டுக்கிட்டு நின்னேன். மொதல்ல இருந்து படி."

மறுத்திருப்பேன். விருந்தாளிகள் முன்னால் அம்மா அழுதுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கொள்ளு அவிக்கிற இடத்திலிருந்து மறுபடி படித்தேன். பேச்சு நின்றது. மணி கேட்டது. அப்பா பீடியை அணைத்துவிட்டு வெளியே போனார். அவள் கையைச் சுட்டுக்கொண்டாள், உப்புப் போட்டாள். அடுத்தது வாசல் திறக்கிற வரி. ஒடிந்த கழுத்தைத் தொட்டுப் பார்த்தவன் நான். அப்படியும் அந்த வாசலில் குதிரை தலையை நீட்டும் என்று ஒரு நொடி இருந்துவிட்டேன். லாட்ஜில் சாவி கொடுக்கிற பயல் என்னையே ஏமாற்றிவிட்டான். என்னால் மேலே படிக்க முடியவில்லை.

"ஏங்க, படிங்க" என்றாள் மனைவி.

அம்மா அவளைக் கையமர்த்தினாள். "இருடி. இன்னைக்குத்தான் அவன் ஒழுங்காப் படிக்கிறான்."

எழுத ஆரம்பித்ததிலிருந்து அம்மா என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான். அதுவும் அவன் எழுதியதைப் படித்ததற்கு.